வாங்கும் முன்: கட்டம் இருந்தால் நிரப்பியே ஆக வேண்டுமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை விண்ணப்பப் படிவத்தையும் கார்டையும் பற்றியவை. சிலவற்றைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கே: மாலில் கிரெடிட் கார்டு ஸ்டால் போட்டிருந்தார்கள். என்னிடம் வேறு வங்கியின் கார்டு இருப்பதால் சம்பளச் சீட்டு வேண்டாம், அந்தக் கார்டை இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தால் போதும் என்கிறார் அங்கிருந்த பையன். கொடுக்கலாமா? – வாசகர், கோவை

ப: பின்பக்கம் கூடவே கூடாது. முன்பக்கத்தையும் அப்படியே கொடுக்காதீர்கள்.

இந்த விஷயத்தில் எனக்குப் பல நாள் எரிச்சல் உண்டு, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். ஏற்கெனவே ஒரு வங்கி உங்களை நம்பி இவ்வளவு லிமிட் கொடுத்திருக்கிறது என்று தெரிந்தால், புது வங்கி அதை வைத்தே கார்டு தரும். நியாயம்தான். அதற்குத் தேவை உங்கள் பெயர், வங்கியின் பெயர், லிமிட். மூன்றும் மாத ஸ்டேட்மென்ட்டில் இருக்கின்றன. அதில் கார்டு எண்ணின் நடு இலக்கங்களைப் பெரும்பாலும் வங்கியே மறைத்துத்தான் அச்சிடுகிறது. போதாததற்கு, சிபில் அறிக்கையை எடுத்தால் உங்கள் கடன் ஜாதகமே அதில் வந்துவிடும். அப்புறம் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் 3 இலக்க ரகசிய எண், அதாவது சி.வி.வி., எதற்கு? எதற்கும் இல்லை. ஆதாருக்கு "ரெண்டு பக்கமும் எடுத்துட்டு வாங்க" என்று சொல்லிப் பழகிய வாய் கார்டுக்கும் அதையே சொல்கிறது.

பணம் எடுத்து முடிந்த பிறகு சி.வி.வி.யை எந்தக் கடைக்காரரும் வைத்திருக்கக் கூடாது என்கிறது கார்டு நிறுவனங்களின் பி.சி.ஐ. டி.எஸ்.எஸ். பாதுகாப்பு விதி. கணினிக்கு மட்டுமல்ல, காகிதத்துக்கும் அது பொருந்தும். இணையக் கடைகள் கார்டு எண்ணையே சேமிக்கக் கூடாது, அதற்குப் பதிலான மாற்று எண்ணை, அதாவது டோக்கனைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று 2022 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கிவிட்டது. அங்கே அவ்வளவு கெடுபிடி. இங்கே பார்த்தால் கார்டு எண், காலாவதி மாதம், சி.வி.வி., பிறந்த தேதி, மொபைல் எண், கையெழுத்து எல்லாமே ஒரே ஸ்டேப்ளர் பின்னில்!

அந்தத் தாள் எங்கெல்லாம் போகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? ஸ்டாலில் நிற்பவர் பல சமயம் வங்கி ஊழியரே அல்ல, ஏஜென்சி ஆள். போனில் படம் எடுப்பார், அது டீம் லீடருக்கு வாட்ஸ்அப்பில் போகும். தாள் அவர் பைக்குள் சுற்றி, ஸ்கேன் ஆகி, ஏதோ ஒரு குடோனுக்குப் போய்ச் சேரும். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் யாராவது ஜெராக்ஸைத் திருப்பிக் கொடுத்துக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? "ஓ.டி.பி. இல்லாம ஒண்ணும் எடுக்க முடியாது சார்" என்பார்கள். இந்தியத் தளங்களுக்கு அது பெரும்பாலும் சரி. வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் ஓ.டி.பி.யே கிடையாது. எண், மாதம், சி.வி.வி. இருந்தால் வேலை முடிந்தது.

ஸ்டேட்மென்ட்டை ஏற்க மறுத்தால், ஜெராக்ஸ் மெஷினில் வைக்கும் முன்பே கார்டின் மேல் துண்டுச் சீட்டு ஒட்டுங்கள். பெயரும் கடைசி 4 இலக்கமும் தெரிந்தால் போதும். எடுத்த பிறகு பேனாவால் அடிப்பதில் பயனில்லை, வெளிச்சத்தில் பிடித்தால் படிக்கலாம். இன்னொன்று: இப்போது வரும் பல கார்டுகளில் முன்பக்கம் வெறும் டிசைன்தான், எண்ணும் மாதமும் சி.வி.வி.யும் பின்னால் ஒரே இடத்தில் இருக்கின்றன. சீட்டு ஒட்டி எடுத்த நகலுக்கும் ஸ்டால்காரர் ஒத்துவராவிட்டால் அந்தப் புதுக் கார்டே வேண்டாம். அடுத்த மாலில் இன்னொரு ஸ்டால் இருக்கும்.

கே: மறந்துவிடக் கூடாதென்று ஏ.டி.எம். பின்னைக் கார்டு உறையிலேயே எழுதி வைத்திருக்கிறேன். பரவாயில்லையா? – திருச்சி

ப: திருடனுக்குப் பரவாயில்லை.

கே: ஓய்வுபெற்ற ஆசிரியை நான். கார்டு லிமிட்டை உயர்த்த வங்கி அனுப்பிய ஏஜென்ட் வீட்டுக்கு வந்து படிவம் நிரப்பினார். எண், சி.வி.வி. எல்லாவற்றையும் கார்டைப் பார்த்து அவரே எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் ஏதோ வெளிநாட்டுத் தளத்தில் 41,000 ரூபாய் போய்விட்டது. எஸ்.எம்.எஸ். வந்த அன்றே கார்டை பிளாக் செய்தேன். "நீங்களேதானே கொடுத்தீர்கள்" என்கிறார்கள் கிளையில். என் தப்பா? – நாகர்கோவில்

ப: இல்லை, டீச்சர். தன் ஆளை வீட்டுக்கு அனுப்பி எழுதி வாங்கிவிட்டு, கொடுத்தது உங்கள் தப்பு என்று சொல்ல அந்தக் கிளைக்கு எப்படி வாய் வந்தது?

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதிகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். மோசடியோ அலட்சியமோ வங்கியின் பக்கம் இருந்தால் வாடிக்கையாளருக்கு ஒரு ரூபாய்கூடப் பொறுப்பு கிடையாது. வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்றால் அதை வங்கிதான் நிரூபிக்க வேண்டும். புகார் செய்த 10 வேலை நாட்களுக்குள் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும், 90 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். போனில் பேசியதோடு விடாதீர்கள். எழுத்தில் கொடுத்து, சீல் போட்ட நகல் வாங்குங்கள். கவனக்குறைவு என்றுதான் வாதாடுவார்கள். வந்தவர் வங்கியின் ஏஜென்ட் என்பதுதான் உங்கள் பலம். எனவே அவருடைய விசிட்டிங் கார்டு, போன் எண், வாட்ஸ்அப் செய்தி, வந்த தேதி எதையும் தொலைக்காதீர்கள். 1930 என்ற உதவி எண்ணில் சைபர் குற்றப் புகாரை இன்றே பதியுங்கள். 30 நாளில் வங்கியிடமிருந்து பதில் இல்லை அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம், செலவில்லை. எப்படி என்று 14448-ல் கேட்டால் சொல்வார்கள். என்ன ஆனது என்று எனக்கும் எழுதுங்கள்.

கே: ட்ராலி பேக் இலவசம் என்றதால் 3 வங்கிகளின் படிவங்களில் கையெழுத்துப் போட்டேன். என்ன எழுதியிருந்தது என்று பார்க்கவில்லை. பழைய கார்டின் ஜெராக்ஸும் கொடுத்த ஞாபகம். இப்போது ஒரு கார்டு வந்திருக்கிறது, ஆண்டுக் கட்டணம் உண்டாம். கேட்காமலே வந்த கார்டு என்று புகார் செய்யலாமா? – சென்னை

ப: கையெழுத்து உங்களுடையது. கேட்காமல் எப்படி வந்ததாகும்?

அந்த ரகப் பெட்டியை எனக்குத் தெரியும். தள்ளுபடியில் 1,199 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன், எழும்பூர் நிலையத்தைத் தாண்டும் முன்பே ஒரு சக்கரம் தனியாகக் கழன்று ஓடியது. அதற்காக நான் கார்டு எண்ணையெல்லாம் யாரிடமும் கொடுக்கவில்லை. நீங்கள் கொடுத்திருக்கிறீர்கள்.

முதலில் பழைய கார்டை பிளாக் செய்து புது எண் வாங்குங்கள். "கொடுத்த ஞாபகம்" என்பதே அதற்குப் போதும். வந்த கார்டை ஆக்டிவேட் செய்யாதீர்கள். 30 நாள் தாண்டினால் வங்கி ஓ.டி.பி. மூலம் சம்மதம் கேட்க வேண்டும். நீங்கள் தராவிட்டால் 7 வேலை நாட்களில் கட்டணமின்றி மூட வேண்டும். அதுவரை காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் இன்றே மூடச் சொல்லி எழுதுங்கள். பாக்கி எதுவும் இல்லாத கார்டை 7 வேலை நாட்களில் மூடாவிட்டால், அதற்குப் பிந்திய ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். மற்ற இரண்டு வங்கிகளுக்கும் போன் செய்து விண்ணப்பத்தை ரத்து செய்யுங்கள். பேக்கை வைத்துக்கொள்ளுங்கள்.

கே: மகன் வெளிநாட்டுத் தொழில்முறைச் சங்கம் ஒன்றில் சேர விண்ணப்பிக்கிறான். தபாலில் அனுப்பும் படிவத்தில் கார்டு எண், மாதம், சி.வி.வி.க்குக் கட்டங்கள் இருக்கின்றன. விட்டால் நிராகரித்துவிடுவார்களோ? – தஞ்சாவூர்

ப: விட்டுவிட்டு, "கட்டணத்துக்கு ஆன்லைன் லிங்க் அனுப்பவும்" என்று அந்த இடத்தில் எழுதச் சொல்லுங்கள். அது பழைய காலத்துப் படிவமாக இருக்கும், பணம் வரும் என்றால் யாரும் லிங்க் அனுப்ப யோசிக்க மாட்டார்கள். நிரப்பிய தாளைப் படமெடுத்து மின்னஞ்சலில் மட்டும் அனுப்ப வேண்டாம். பணம் கட்டி முடிந்ததும் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை மறக்காமல் ஆஃப் செய்யுங்கள்.

கே: இன்ஷூரன்ஸ் பிரீமியம் கணக்கிலிருந்து தானாகப் போக நாச் படிவம் கொடுத்தார்கள். கூடவே டெபிட் கார்டு நகலும் கேட்கிறார்கள். – விருதுநகர்

ப: காகித நாச் படிவத்துக்குக் கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி., வங்கியில் உள்ளபடி கையெழுத்து. கூட ஒரு கேன்சல் செய்த செக். கார்டுக்கு அங்கே வேலை இல்லை.

கே: பழைய ஸ்டேட்மென்ட், ஜெராக்ஸைக் கிழிக்க ஷ்ரெடர் மெஷின் வாங்கலாமா? – சேலம்

ப: வீட்டுக்கு வேண்டாம். நான் வாங்கியது நீள நீளமாகத்தான் வெட்டும், பொறுமையுள்ளவர் ஒட்டிப் படித்துவிடலாம். ஸ்டேப்ளர் பின்னோடு ஒரு தாள் போனதும் நின்றது, இன்னும் நின்றபடியே இருக்கிறது. கத்தரிக்கோல் போதும். எண் இருக்கும் வரியைக் குறுக்கிலும் நெடுக்கிலும் நறுக்குங்கள். காலாவதியான கார்டென்றால் சிப், காந்தப் பட்டை இரண்டின் நடுவிலும் வெட்டு விழ வேண்டும்.