ஆம்ப்பில் சிவப்பு விளக்கு, சப்வூஃபரில் கருகிய வாடை: இரண்டையும் மாற்றித்தான் ஆக வேண்டுமா?

கேட்டவர் காட்பாடிக்காரர். காரில் இரண்டு சேனல் ஆம்ப்பை (ஆம்ப்ளிஃபயர்) பிரிட்ஜ் செய்து, அதாவது இரண்டு சேனலையும் ஒன்றாகச் சேர்த்து, இரண்டு காயில் (கம்பிச் சுருள்) உள்ள 12 அங்குல சப்வூஃபர் (பேஸ் ஸ்பீக்கர்) ஒன்றை ஓட்டியிருக்கிறார். ஆம்பூரிலிருந்து திரும்பும் வழியில் சத்தம் நின்றுவிட்டது, ஆம்ப்பில் 'புரொடெக்ட்' விளக்கு சிவப்பாக எரிகிறது, டிக்கியில் கருகிய வாடை. கடையில் இரண்டையும் புதிதாக வாங்கச் சொல்கிறார்களாம்.

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். நான் ஆற்காட்டில் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் செய்பவன். இப்படி ஜோடியாக வரும் பழுதில் பெரும்பாலும் ஒன்று இன்னொன்றைக் கெடுத்திருக்கும். வூஃபர் காயில் கருகிச் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டினால் ஓம்ஸ் (மின்தடை) குறையும், ஆம்ப் அளவுக்கு மேல் கரண்ட் கொடுத்து அதன் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் போகும். திருப்பியும் நடக்கும்: டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் டிசி நேராகக் காயிலில் பாய்ந்து அதைக் கருக்கிவிடும். அதனால் 'மாற்றி மாட்டிப் பார்ப்போம்' என்று நண்பருடைய நல்ல வூஃபரை இந்த ஆம்ப்பிலோ, புது ஆம்ப்பை இந்த வூஃபரிலோ தயவுசெய்து மாட்டாதீர்கள். நல்லதும் போய்விடும். இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

முதலில் வூஃபர், ஏனென்றால் அதற்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். வயர்களைக் கழற்றிவிட்டு, மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு என்ன காட்டுகிறது என்று பாருங்கள். விலை குறைந்த மீட்டரில் அரை ஓம் வரை காட்டும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு காயிலையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். 4 ஓம் காயில் நல்ல நிலையில் இருந்தால் 3 முதல் 3.8 வரை காட்டும். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 3.5, இன்னொன்று 1.5 என்றால் அந்தக் காயில் உள்ளே ஷார்ட். எண்ணே வராவிட்டால் அறுந்துவிட்டது.

அறுந்தது என்று தெரிந்ததும் மனம் விட வேண்டாம். கோனுக்கும் டெர்மினலுக்கும் நடுவே பின்னல் வயர் ஒன்று ஆடிக்கொண்டிருக்கும், பல சமயம் அதுதான் அறுந்திருக்கும். மீட்டரை மாட்டியபடியே கோனை இரண்டு கையாலும் மெதுவாக உள்ளே அழுத்துங்கள். எண் வந்து வந்து போனால் பெரும்பாலும் அந்த வயர்தான். சால்டரிங்கில் முடிகிற வேலை. அழுத்தும்போது கரகரவென்று உரசினால் காயில் வீங்கியோ கோணியோ போயிருக்கிறது. மாற்றத்தான் வேண்டும்.

காயில் மட்டும் மாற்றலாம் என்பதைக் கார் ஆக்சசரீஸ் கடைகளில் அவ்வளவாகச் சொல்வதில்லை. திருவிழா, கல்யாணத்துக்கு சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறவர்கள் 15, 18 அங்குல ஸ்பீக்கர்களுக்கு யாரிடம் காயில் மாற்றுகிறார்கள் என்று கேளுங்கள், அவர்களிடமே உங்களுடையதையும் கொடுக்கலாம். காயில் விட்டம், உயரம், ஓம்ஸ் மூன்றும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழா, அதை ஒட்டிய நாட்களில் கொடுக்க வேண்டாம். அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.

இப்போது ஆம்ப். ஸ்பீக்கர் வயர், ஆர்சிஏ கேபிள் (ஸ்டீரியோவிலிருந்து பாட்டைக் கொண்டுவருவது) இரண்டையும் பிடுங்கிவிட்டு பேட்டரி, எர்த், ரிமோட் (ஆம்ப்பை ஆன் செய்யும்) வயர் மூன்றை மட்டும் விடுங்கள். சிவப்பு விளக்கு போய்விட்டால் ஆம்ப் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. குற்றம் வூஃபரிலோ சீட்டுக்கு அடியில் நசுங்கிய ஸ்பீக்கர் வயரிலோ இருக்கிறது. விளக்கு போகாவிட்டால் பழுது உள்ளே. புது ஃப்யூஸ் போட்டவுடனே அது எரிந்து போனால் மாஸ்ஃபெட் (ஆம்ப்பில் உள்ள ஒரு வகை டிரான்சிஸ்டர்) ஷார்ட் என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன். பெரிய ஃப்யூஸ் போட்டுப் பார்க்காதீர்கள், போர்டே கருகிவிடும். பெஞ்சில் நான் ஃப்யூஸுக்குப் பதிலாக ஒரு 55 வாட் ஹெட்லைட் பல்பைத் தொடராக மாட்டுவேன். ஒரு கணம் மினுக்கி அணைந்தால் நல்லது, பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட். பல்பு கரண்டைத் தடுப்பதால் மேலும் எதுவும் போகாது. மெக்கானிக் ஒரே ஒரு மாஸ்ஃபெட்டை மாற்றித் தந்தால் வாங்காதீர்கள். அந்த வரிசை முழுவதையும் ஒரே நம்பரில் மாற்றி, அவற்றின் கேட் முனையில் உள்ள ரெசிஸ்டர்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வெயிலில் நின்ற காரில் சிவப்பு விளக்கு வந்து, ஆறியதும் தானாகப் போனால் அது சூட்டுப் பாதுகாப்பு. வேலூர் மே மாதத்தில் மூடிய டிக்கிக்குள், கார்ப்பெட்டுக்கு அடியில் ஆம்ப்பைச் செருகி வைத்தால் அது வேறு என்ன செய்யும்? காற்றுப்படும் இடத்துக்கு மாற்றுங்கள். ஆனால் உங்களுக்கு வாடையும் வந்திருப்பதால் வெறும் சூடு என்று விட முடியாது.

நீங்கள் எழுதியதில் என் கண்ணை உறுத்துவது வேறு. இரண்டு 4 ஓம் காயிலைப் பேரலலாக இணைத்தால் 2 ஓம். இரண்டு சேனல் ஆம்ப்களில் பெரும்பாலானவை பிரிட்ஜ் செய்யும்போது 4 ஓமுக்குக் கீழே தாங்காது. உங்கள் இணைப்பு அப்படி இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. சீரிஸில் 8 ஓம் வரும், சத்தம் குறையும், ஆனால் ஆம்ப் பிழைக்கும்.

அப்புறம் பவர் வயரின் நுனியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், அதே தடிமன் செம்பு அளவுக்குக் கரண்ட் கடத்தாது. தடிமனைப் பார்த்து ஏமாற வேண்டாம். எர்த் போல்ட்டின் அடியில் பெயிண்டைச் சுரண்டி வெறும் இரும்பில் இறுக்கியிருக்க வேண்டும். ரிப்பேர் முடிந்து பாட்டு ஓடும்போது, ஆம்ப்பின் எர்த் டெர்மினலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. ஆம்ப்பில் பேஸைக் கூட்டும் 'பேஸ் பூஸ்ட்' திருகையும் முழுக்கத் திருப்பாதீர்கள்: 12 டெசிபல் என்றால் அந்த அலைவரிசையில் ஏறக்குறைய 16 மடங்கு பவர் கேட்கிறீர்கள். ஆம்ப்பால் கொடுக்க முடியாமல் அலை வெட்டுப்பட்டு, காயிலில் வெறும் சூடாகச் சேரும்.

இரண்டு காயிலின் ஓம்ஸ், எப்படி இணைத்திருந்தார்கள், ஆம்ப்பின் பின்பக்கம் பிரிட்ஜுக்கு எழுதியிருக்கும் குறைந்தபட்ச ஓம்ஸ், இந்த மூன்றையும் பார்த்து இங்கேயே எழுதுங்கள். காயில் மாற்றினால் போதுமா, ஆம்ப்பைப் பிரிக்க வேண்டுமா என்று அதை வைத்துச் சொல்கிறேன்.