பலகையில் மணிக்கணக்கு

கேள்வி: சுவிட்சர்லாந்தில் படிக்கும் என் மகன் லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் ஒரு நாள் முழுக்க நடந்தானாம். வழிகாட்டிப் பலகைகளில் கிலோமீட்டரே இல்லை, மணிக்கணக்குதான் என்கிறான். ஏன் அப்படி?
- வாசகி, கோத்தகிரி

பதில்: மலையில் கிலோமீட்டரை நம்பி யாரம்மா நடந்தார்கள்? அந்த மஞ்சள் பலகைகளில் தூரத்தோடு ஏற்ற இறக்கத்தையும் சேர்த்து நேரமாகவே எழுதிவிடுகிறார்கள். சமதளத்தில் மணிக்குச் சுமார் 4.2 கிலோமீட்டர் என்பது கணக்கு. உட்கார்ந்து டீ குடிக்கிற நேரம் அதில் சேராது.

குன்னூரில் என் பாட்டியும் இப்படித்தான். 'ரெண்டு வெத்தலை மெல்லுற தூரம்' என்பார். அவர் எவ்வளவு நிதானமாக மெல்லுவார் என்பதை மறந்துவிட்டுக் கிளம்பி, பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்க நின்றிருக்கிறேன்.

அப்புறம், அந்த லாட்டர்புருன்னன் ஊர் சுமார் 800 மீட்டர் உயரம்தான். உங்கள் கோத்தகிரியில் பாதிகூட இல்லை! ஆனாலும் ஸ்வெட்டரை மறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.