கோழி எச்சத்தில் எரிவாயு: விற்பனையைவிட எருவை யோசியுங்கள்

நாமக்கல்லில் கோழி எச்சத்திலிருந்து உயிரி எரிவாயு தயாரித்தால் வாங்க ஆள் இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கும். 2018இல் வந்த மத்திய அரசின் உயிரி எரிவாயு கொள்முதல் திட்டமான ‘சதத்’தில் எண்ணெய் நிறுவனங்கள் வாங்குகின்றன. வாகன எரிவாயுவிலும் வீட்டுக் குழாய் எரிவாயுவிலும் 2025-26இல் 1 சதவீதம், 2028-29 முதல் 5 சதவீதம் உயிரி எரிவாயுவைக் கலப்பதும் கட்டாயம். மானியத்தைவிட இந்தக் கட்டாயமே பெரிது என்பேன். மானியம் ஆலையைக் கட்ட உதவும், வாடிக்கையாளரைப் பிடித்துத் தராது.

சிக்கல் வேறிடத்தில். கோழி எச்சத்தில் நைட்ரஜன் மிகுதி. அதை மட்டும் எரிவாயு உருவாகும் மூடிய கலனில் போட்டால் அம்மோனியா பெருகி, எரிவாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் முடங்கிவிடும். பக்கத்து ஜவ்வரிசி ஆலையில் மிஞ்சும், நைட்ரஜன் குறைந்த மரவள்ளித் திப்பியைக் கலந்து பாருங்கள். அடுத்த தலைவலி, எரிவாயு எடுத்தபின் கலனிலிருந்து அன்றாடம் வெளியேறும் எரு. மத்திய அரசு 2023இல் அறிவித்த டன்னுக்கு 1,500 ரூபாய் உதவியும், அந்த எருவை விற்றால்தான் கைக்கு வரும். வங்கிக்குப் போகுமுன் சுற்றுவட்டார விவசாயிகளிடம் பேசிவிடுங்கள்.