உக்ரைன்ல சண்டை, நம்ம ஊர்ல எண்ணெய் விலையா?

கேள்வி: 2022-ல உக்ரைன் சண்டைய டிவியில பாத்தப்ப நமக்கென்னன்னு இருந்துட்டேன், கொஞ்ச மாசத்துல கடையில எண்ணெய் போத்தல் விலை எகிறிடுச்சு. இந்த மாதிரி எங்கயோ நடக்குறதையும் நம்ம ஊர் செய்தியையும் கம்ப்யூட்டரே கோத்துக் காட்டும்னு மக சொல்றா. நெசமாவா சார்?
ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: நெசந்தாம்மா. ஆனா ஆரம்பத்துல வந்த முறையெல்லாம் செய்தியப் படிச்சுப் புரிஞ்சுக்கிட்டு கோக்கல, வார்த்தைய எண்ணிப் பாத்துதான் கோத்துச்சு. 'நேற்று', 'கூறினார்' எல்லாச் செய்தியிலயும் வரும், அதுக்கு மார்க் இல்ல. 'சூரியகாந்தி எண்ணெய்' எப்பவாச்சும்தான் வரும், அது ரெண்டு செய்தியில வந்துச்சுன்னா மார்க் கூடும். கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ்ங்கிற இங்கிலாந்து அம்மா 1972-லயே இந்தக் கணக்க எழுதிட்டாங்க.

சிக்கல் எங்கன்னா, செய்திய ரெண்டு ரெண்டா ஒட்டிக்கிட்டே போனா கதை எங்கயோ போயிடும். 2010-ல கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துல டாஃப்னா ஷஹாஃப், கார்லோஸ் கெஸ்ட்ரின் ரெண்டு பேரும் இத அழகா காட்டினாங்க. அப்ப அமெரிக்க அதிபரா இருந்த கிளின்டனோட பெண் விவகாரத்துலேர்ந்து 2000 அமெரிக்கத் தேர்தல் இழுபறி வரைக்கும் கோக்கச் சொன்னா, பக்கத்துப் பக்கத்து ஒற்றுமைய மட்டும் பாக்குற முறை மைக்ரோசாஃப்ட் வழக்கு, பாலஸ்தீனம்னு ஊரெல்லாம் சுத்திட்டு வருது! அதனால அவங்க வச்ச விதி: சங்கிலியில எந்தக் கண்ணி ரொம்ப வீக்கோ அதோட மார்க்குதான் மொத்தச் சங்கிலிக்கும். நம்ம ஆளுங்க வாட்சப்புல கோக்குற கதைக்கெல்லாம் இந்த விதிய வச்சா பாதி தேறாது, அது வேற விஷயம்.

உங்க எண்ணெய்க் கதை தேறும்மா. பிப்ரவரியில சண்டை, உக்ரைன்லேர்ந்து சூரியகாந்தி எண்ணெய் கப்பல் ஏற முடியல, வாங்குறவங்க பாமாயில் பக்கம் திரும்புனாங்க, மார்ச்சுல பாமாயில் டன் 7,000 வெள்ளிய (ரிங்கிட்) தாண்டுச்சு, ஏப்ரல் 28-ல இந்தோனேசியா ஏற்றுமதிக்குத் தடை போட்டு மே 23-ல எடுத்துச்சு. 'எண்ணெய்' கடைசி வரைக்கும் விடாம வருது பாருங்க. ஆனா ஜூலையில போத்தலுக்கு மானியத்த நிறுத்துனது நம்ம மலேசிய அரசாங்கத்தோட முடிவு (2 வெள்ளி 50 காசு பாக்கெட்டுக்கு மானியம் தொடந்துச்சு), அத மெஷின் பக்கத்துல கொண்டாந்து வைக்கும், ஏன்னு மனுசன்தான் விசாரிக்கணும்.

அப்புறம் அதே சமயம் செம்பனைத் தோட்டத்துல (பாமாயில் அதுலேர்ந்துதான்) பழம் வெட்ட ஆளில்லாம குலை மரத்துலயே அழுகுச்சே, அதுக்குக் காரணம் கோவிட்ல எல்லைய மூடினது. 'எல்லை'யும் 'குலை'யும் ஒரே வார்த்தை இல்ல, எண்ணுற முறைக்கு அது சிக்காது. 2013-க்கு அப்புறம் பரவுன வேர்ட்2வெக் மாதிரி முறைங்கதான், ஒரே மாதிரி இடத்துல பொழங்குற வார்த்தைங்கள கிட்டக்கிட்ட வச்சு, இதையும் ஓரளவுக்குப் பிடிக்க வழி பண்ணுச்சு.

கேள்வி: கூகள் நியூஸ் பத்துப் பேப்பர் செய்திய ஒண்ணா அடுக்குறதும் இதானா?
இன்னொரு வாசகர், பாகாவ்

பதில்: சொந்தக்காரந்தான், ஆனா ஒரே ஆள் இல்ல தம்பி. அது ஒரே சம்பவத்த யார் யார் எழுதுனாங்கன்னு கும்பலா சேக்குது, மேல சொன்னது வேற வேற சம்பவத்த வரிசையா கோக்குது. கூகள் நியூஸ 2002-ல ஆரம்பிச்ச கிருஷ்ண பரத், ஐஐடி மெட்ராஸ்ல படிச்சவரு.