மாடிப்படிச் சுவர்ப் பூச்சு அலை அலையாக இருக்கிறது, பட்டி பார்த்தால் சரியாகிவிடுமா?

பீமுக்கு (கான்கிரீட் உத்தரத்துக்கு) அடியில் நீளமாக விரிசலும் இருக்கிறது, பட்டி பார்த்தால், அதாவது பெயிண்டுக்கு முன்னால் வெள்ளை மாவைக் குழைத்துத் தேய்த்தால், மறைந்துவிடும் என்று மேஸ்திரி சொல்கிறார், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நம்பாதீர்கள். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்திருப்பீர்கள், அதனால் தலையாட்டத் தோன்றும். நாங்கள் அப்படித்தான் தலையாட்டினோம்.

2019இல் திருச்சிக்குப் பக்கத்தில் வீடு கட்டினோம். அறைகளின் பூச்சில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மாடிப்படியை மட்டும் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள். அங்கே சாரம் கட்டுவது சிரமம், ஒரு கால் படியில் என்றால் இன்னொரு கால் டிரம் மேல். இருபதடிச் சுவரை மூன்று நாளில் மூன்று துண்டாகப் பூசினார்கள், துண்டுகள் சேரும் இடமெல்லாம் பட்டை விழுந்தது. மேல் பாதியில் செங்கல் கட்டே தூக்குக்குண்டுக்கு ஒன்றரை அங்குலம் உள்வாங்கியிருந்தது. அதை ஈடுகட்ட ஒரே தடவையில் கலவையை அப்பிவிட்டார்கள். அவ்வளவு கனம் ஈரத்திலேயே தன் எடையால் சரிந்து சுவரை விட்டு விலகிவிடும். பூச்சு பிடிக்க பீமை உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கவில்லை, வழவழப்பான கான்கிரீட் மேலேயே பூசினார்கள். பீமும் செங்கலும் சேரும் இடத்தில் கோழிவலையும் அடிக்கவில்லை. உங்கள் நீள விரிசலும் அனேகமாக அதனால்தான்.

பெயிண்ட் அடித்துக் குடிவந்தோம். மேற்கு ஜன்னல் வழியாக நாலு மணி வெயில் சுவரை ஒட்டி விழும்போது ஒவ்வொரு மேடும் நிழல் போட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். எட்டாவது மாதம் ஒரு ராத்திரி, முறம் அளவுக்குப் பூச்சு பெயர்ந்து படித் திருப்பத்தில் விழுந்தது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டுதான் படி ஏறுவார். பத்து நிமிடம் முன்புதான் மேலே போயிருந்தார்.

நான் இன்ஜினியர் இல்லை. ஒரு வீடு கட்டியவனெல்லாம் பேச வந்துவிட்டான் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். எல்லாக் கொத்தனார்களையும் குறை சொல்லவில்லை, எங்கள் அறைகளை அழகாகப் பூசியவர்களும் அவர்கள்தான். ஆனால் பட்டி இரண்டு கோட்டும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டர்தான் வரும். விரலளவு பள்ளத்தை அது எப்படி நிரப்பும்?

சரி, என்ன செய்யலாம்? சுவர் முழுக்கச் சின்னச் சுத்தியல் பிடியால் தட்டிப் பாருங்கள். டொப் டொப் என்று கேட்கும் இடத்தில் பூச்சு சுவரை விட்டு விலகியிருக்கிறது, அதைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். அதை எடுத்தே ஆக வேண்டும். எங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு சுவர் போனது. பீமைக் கொத்தி, நனைத்து, சேருமிடத்தில் இரண்டு பக்கமும் அரையடி வருகிற மாதிரி வலை அடித்தோம். ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து பங்கு மணல் என்ற 1:5 கலவையில் முதல் பூச்சை அரை அங்குலத்துக்குப் பூசிக் கீறிவிட்டு, மறுநாள் இரண்டாவது பூச்சு. ஒரு வாரம் தண்ணீர் அடித்தோம். ஒரு மாதம் காயவிட்ட பிறகுதான் பட்டி. கடைசித் தவணையை அதுவரை கொடுக்காதீர்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டாவது வேலையில் மணல் சலித்து, அத்தனை படியும் சட்டி சுமந்து ஏறியவர் ஐம்பது வயது சித்தாள் அக்கா. கொத்தனார் கூலியில் பாதிதான் அவருக்கு. அதற்கு முன்பு கிரகப்பிரவேசத்தன்றும் மேஸ்திரிக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுத்தோம், சித்தாள்களை யாருமே நினைக்கவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இரண்டாவது திருப்பத்தில் ஒரு பட்டை இப்போதும் இருக்கிறது, நாலு மணிக்குத் தெரியும். தட்டினால் கெட்டியாக இருக்கிறது. அதை உடைக்கவில்லை.