வாரம் 3 நாள் பயிற்சியில் தசை கூடுமா?

3 நாள்தான் நேரம் கிடைக்கிறது, போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போதும். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் ஸ்குவாட் (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் படுத்துப் பாரை மேலே தள்ளுவது), ரோயிங் (முன்னால் குனிந்து பாரை வயிற்றை நோக்கி இழுப்பது) செய்யுங்கள்.

எடை ஏற்றுவதில்தான் பலரும் அவசரப்பட்டு முதுகைக் கெடுத்துக்கொள்கிறார்கள். எடைத் தட்டு மாட்டாத பெரிய பார் (இரும்புக் கம்பி) மட்டுமே 20 கிலோ, அதிலேயே தொடங்குங்கள். ஒவ்வொரு பயிற்சியையும் 8 முறை வீதம் 3 செட் (சுற்று) செய்யுங்கள். ஒரு செட்டில் செய்யும் எண்ணிக்கையை வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ கூட்டி, மூன்று செட்டிலும் 12 வந்த பிறகே இருபுறமும் 1.25 கிலோ தட்டு மாட்டி, மறுபடி 8-க்கு இறங்குங்கள். அன்றன்றே நோட்டில் எழுதிவையுங்கள்; தயவுசெய்து நினைவை நம்பாதீர்கள்.

உடல் எடையில் கிலோவுக்குத் தினமும் சுமார் 1.6 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான். சுண்டல், மீன், தயிரும் தினமும் சேரட்டும்.