பாடி எப்போது வரும்?

அன்புள்ள ஐயா,

ஊர் திருமங்கலம் பக்கம். மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். போன வாரம் அறைத்தோழி ஒருத்தி "உன் பாடி கவுண்ட் எத்தனைடி?" என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லை. இதுவரை எத்தனை பேருடன் படுத்திருக்கிறாய் என்பதை இப்போது ஆங்கிலத்தில் அப்படித்தான் கேட்பார்களாம். "அது செத்தவங்களை எண்ணுற சொல்லாச்சே" என்றேன். எல்லோரும் பட்டிக்காடு என்று சிரித்தார்கள். சொல்லுக்குப் பொருள் மாறுவது இயல்புதானே, நான்தான் பழைய ஆளா? இன்னொன்றும் கேட்க வேண்டும். 'டெத் டோல்' என்பதைப் பத்திரிகைகள் 'பலி எண்ணிக்கை' என்று எழுதுவது சரியா?

ம.

அன்புள்ள ம.,

நீங்கள் பழைய ஆள் இல்லை. பொருள் மாறத்தான் செய்யும், நாற்றம் என்பதே ஒரு காலத்தில் நறுமணம்தான். அந்தக் கேள்விக்கு யாருக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. அதை அதோடு விடுங்கள்.

அடுத்தது. நீங்கள் ஊருக்குப் போகும் வழியில் கப்பலூரில் வண்டியை மறித்து வாங்குகிறார்களே, அந்த டோலும் இந்த டோலும் ஒரே சொல். சாவு வசூலித்த வரி என்று பொருள். பலி என்ற வடசொல்லுக்கும் காணிக்கை, வரி என்ற பொருள்கள் உண்டு. புத்தர் பிறந்த ஊர் என்பதால் லும்பினிக்குப் 'பலி'யைத் தள்ளுபடி செய்ததாக அசோகரின் தூண் சொல்கிறது. ஆகவே மொழிபெயர்ப்பில் குற்றமில்லை. ஆனாலும் 'வேன் கவிழ்ந்து 3 பேர் பலி' என்று படிக்கும்போதெல்லாம் யாருக்குக் கொடுத்த பலி என்று வயிறு எரிகிறது. 'இறந்தனர்' என்று எழுத எத்தனை எழுத்து கூடிவிடும்?

இனி 'பாடி'க்கு வருகிறேன். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே சில நாளாக இந்தச் சொல் என்னை அரித்துக்கொண்டிருந்தது.

பாடி கவுண்ட் என்பது உலகம் முழுக்கப் பரவியது வியட்நாம் போரில். அங்கே நிலையான போர்முனை கிடையாது, இன்று பிடித்த இடம் நாளை கைவிட்டுப் போகும். வெற்றியை எதைக் கொண்டு அளப்பது? கொன்ற எதிரிகளை எண்ணுவோம் என்று அமெரிக்கப் படை முடிவு செய்தது. எண்ணிக்கை கூடக் கூட மேலே பாராட்டு. அப்புறம் எந்தப் பிணமும் எதிரியின் பிணமாகிவிடும் அல்லவா? 1968 மார்ச் 16 அன்று மை லாய் கிராமத்தில் 128 எதிரிகளைக் கொன்றதாகப் படை அறிவித்தது. கைப்பற்றிய ஆயுதங்கள் மூன்றே மூன்று. செத்தவர்கள் கிழவர்கள், பெண்கள், கைக்குழந்தைகள். இன்று அங்கிருக்கும் நினைவிடத்தில் 504 பேரைப் பெயரும் வயதுமாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

நமக்குப் பக்கத்திலேயே பெருங்காமநல்லூர் இருக்கிறது. 1920 ஏப்ரல் 3 அன்று, குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ்க் கைரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற மக்களைப் போலீஸ் சுட்டது. செத்தவர்கள் 16 பேர் என்கிறோம். ஆனால் அந்தப் பக்கத்துக் கிழவிகளிடம் கேட்டுப் பாருங்கள், எண்ணிலிருந்து தொடங்க மாட்டார்கள். அன்று செத்தவர்களில் ஒருத்தியான மாயக்காளிலிருந்து தொடங்குவார்கள்.

என் அப்பா கீழமாசி வீதியில் ஒரு தானியக் கடையில் அளவு வேலை பார்த்தார். படியை நிறைத்துத் தட்டும்போது 'ஒன்று' என்று சொல்ல மாட்டார்கள், 'லாபம்' என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு. நாள் முழுக்க எண்ணுகிற மனுசன் வீட்டில் ஆளை மட்டும் எண்ண மாட்டார். பந்தியில் பிள்ளைகள் உட்கார்ந்தால் ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் சரிபார்ப்பார். "ஆளை எண்ணுனா ஆயுசு குறையும்டா" என்பார்.

அவர் இறந்தது ஒரு மருத்துவமனையில். பெயரைச் சொல்லப் போவதில்லை. விடிகாலை கண்ணை மூடினார். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, வாசலில் ஒருவர் வந்து நின்று, "பதினாலாம் நம்பர் பாடிக்கு யாரு?" என்று சத்தம் போட்டார். அதற்கு முந்தின ராத்திரி வரை அவரே அப்பாவை "பெரியவரே" என்றுதான் கூப்பிட்டார். என் அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. தன்னைக் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவரைக் குறை சொல்லி என்ன? அடுத்த ஒரு மணி நேரத்தில் நானே கேதம் சொல்ல ஊருக்கெல்லாம் போன் போட்டு, "பாடி நாலு மணிக்கு வந்துரும்" என்றேன். ஏழெட்டுப் பேரிடம் சொன்னேன். ஒருவரும் தப்பாக எடுக்கவில்லை, "பாடி எந்த வழியா வருது?" என்று திருப்பிக் கேட்டார்கள். மதுரையில் இன்று எல்லோரும் இப்படித்தான் பேசுகிறோம். லாரிக்குப் பாடி கட்டுகிறார்கள், ஆஸ்பத்திரியிலிருந்து பாடி வாங்குகிறார்கள். உயிர் போன நிமிசத்திலேயே அப்பனுக்குப் பேர் போய், முறை போய், 'வந்தார்' போய் 'வந்தது' ஆகிவிடுகிறது. சவம், பிணம் என்றால் வாய் கூசுகிறது, பாடி என்றால் நாகரிகமாகப் படுகிறது. கூச்சமில்லாமல் சொல்ல முடிகிறது என்பதுதான் இதில் எனக்குப் பொறுக்காதது. உங்கள் விடுதிப் பெண்களுக்கு அந்தச் சொல் வாயில் எளிதாக வந்ததென்றால், வீட்டில் பெரியவர்கள் நாங்கள் பேசிக் கேட்டுத்தான் வந்திருக்கும்.

ஒரே ஒரு ஆள் சண்டைக்கு வந்தாள், உசிலம்பட்டியிலிருந்த அத்தை. "பாடியா? எவன்டா பாடி? எங்கண்ணன் வர்றாருன்னு சொல்லத் தெரியாதா உனக்கு?" என்று போனிலேயே கத்திவிட்டு வைத்துவிட்டாள்.

நான்கு மணிக்கு வண்டி தெருவுக்குள் வந்தது. அத்தை மற்றவர்களை விலக்கிக்கொண்டு வந்து, பின்கதவைத் திறந்ததும் அப்பாவின் காலைப் பிடித்தாள். "அண்ணே, வீடு வந்துருச்சுண்ணே. இறங்குங்க" என்றாள். அப்புறம்தான் அழ ஆரம்பித்தாள்.

அறைத்தோழியோடு பேசாமல் இருக்காதீர்கள், தாயி. பரீட்சை எப்போது என்று எழுதவில்லையே.

அன்புடன்.